சொல்வது கேட்கவில்லையா, கேட்க விருப்பமில்லையா?

கடிதம்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் விசுவமடுவில் வசிக்கிறேன். எனக்கு 41 வயது. கணவர் நெற்செய்கையோடு, மற்றவர்களின் வயல்களையும் லாண்ட்மாஸ்டரால் உழுது கொடுப்பவர். குடிப்பதோ கைநீட்டுவதோ இல்லாத மனிதர். ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு என்பது ஏறக்குறைய நின்றுபோய்விட்டது. குசினிக்குள் நின்று நான் எதைச் சொன்னாலும் "ஓம்" என்பார். பிறகு கேட்டால், நான் அப்படியொன்றும் சொல்லவே இல்லை என்பார். உரத்துச் சொன்னால், "ஏன் இப்பிடிக் கத்துறாய்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரீவியை மட்டும் அயல்வீட்டுக்குக் கேட்குமளவுக்குக் கூட்டி வைப்பார்.

இப்போது மகளின் படிப்புப் பிரச்சினை வந்திருக்கிறது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த அவள், யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று உயர்தரம் படிக்க ஆசைப்படுகிறாள். கணவர் வயலால் வந்ததும் இந்தக் கதையை எடுத்தால், "பாப்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். "உங்களுக்கு ஒருநாளும் இந்தப் பிள்ளையில அக்கறை இருந்ததில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லியும் பார்த்துவிட்டேன். இப்போது "அப்பாவிட்டச் சொல்லு", "அம்மாவிட்டக் கேள்" என்று இருவரும் மகள் மூலமாகவே பேசிக்கொள்கிறோம்.

2009இல் இறுதிப் போரின்போது மாத்தளனில் எங்கள் பங்கருக்கு அருகே செல் விழுந்தபோது இவருடைய இடது காதிலிருந்து இரத்தம் வந்தது. அந்த நாட்களில் பிரிந்துபோன இவருடைய தங்கையைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அன்று கைக்குழந்தையாக இருந்த மகளைத் தன் உடம்பால் மூடிக் காத்தவர் இவர்தான். அப்படிப்பட்டவர் இன்று அவளுடைய எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மறுப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இவருடைய மனதில் நாங்கள் இல்லையா? விண்ணப்ப முடிவு நாளும் நெருங்குகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
விசுவமடு.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதன்மையானதாகப் படுவது, செல் வெடித்தபோது கணவரின் காதிலிருந்து இரத்தம் வந்தது என்ற செய்தி. அதன்பின் அவருடைய காதை எவரும் பரிசோதித்ததாக நீங்கள் எழுதவில்லை. உயிர் தப்பியதே பெரிது என்றிருந்த அந்த நாட்களிலும், பின்னர் செட்டிகுளம் முகாம் வாழ்க்கையிலும், காதைப் பற்றி நினைக்க எவருக்கு நேரம் இருந்தது?

வெடிப்பின் அமுக்கம் செவிப்பறையைக் கிழிக்கக்கூடும். கிழிந்த செவிப்பறை பல வேளைகளில் தானாக ஆறிவிடும். ஆனால் உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை. இத்தகைய பாதிப்பில் பெரும்பாலும் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளே முதலில் குறைகின்றன. அதனால் ஒருவர் பேசுகிறார் என்பது கேட்கும். ஆனால் ச, த, க போன்ற மெய்யொலிகள் தேய்ந்து, என்ன சொல்கிறார் என்பது பிடிபடாது. பெண்களின் குரலும் பிள்ளைகளின் குரலும் கூடுதலாக நழுவும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபெலுக்கு மேற்பட்ட சத்தத்தில் இருப்பது செவிக்குக் கேடு என்று கொள்ளப்படுகிறது. லாண்ட்மாஸ்டரின் இரைச்சல் அந்த அளவைத் தாண்டக்கூடியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் எழுதியவற்றைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். கேட்காத ஒன்றுக்கு "ஓம்" சொல்லிச் சமாளிப்பதும், ரீவியைக் கூட்டி வைப்பதும், சொன்னதைச் சொல்லவில்லை என்பதும், உரத்த குரலைக் கோபமாக எடுத்துக்கொள்வதும் செவிக்குறைபாடு உள்ளவர்களிடம் நாங்கள் அடிக்கடி காண்பவை. நேரில் பார்க்காமல் அவருக்குக் குறைபாடு உண்டென்று நான் அறுதியிட முடியாது. ஆனால் ஒரு மனிதருக்கு அக்கறை இல்லை என்று முடிவெடுப்பதற்கு முன் அவருக்குக் கேட்கிறதா என்று பார்ப்பது, அவருக்குச் செய்ய வேண்டிய நியாயம். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் வைத்தியரிடம் 2009இல் நடந்ததைச் சொல்லி, கேட்டல் பரிசோதனைக்கு எங்கே அனுப்புவார்கள் என்று விசாரியுங்கள். இரு காதுகளையும் தனித்தனியே சோதிக்கும், வலியில்லாத பரிசோதனை அது. "உங்களுக்குக் காது கேக்கேல்லை" என்று சொல்லி அழைத்தால் வரமாட்டார். "அண்டைக்கு ரத்தம் வந்த காது, ஒருக்காக் காட்டிப்போட்டு வருவம்" என்றால் வரக்கூடும்.

அடுத்தது "பாப்பம்". இது காதோடு மட்டும் முடிகிற விடயமாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கணவரின் தங்கையைப்போல, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்காக அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் போராடத் தொடங்கிய தாய்மாரின் துயரம் உலகுக்குத் தெரிந்தது. இப்படி வாய் திறக்காமல் வயலுக்குப் போய்வரும் அண்ணன்மாரின் துயரம் வீட்டுக்குள்ளேயே தெரிவதில்லை. வீட்டைவிட்டுப் பிரிந்த தங்கை திரும்பி வராத ஒருவருக்கு, மகளை விடுதிக்கு அனுப்புவது வெறும் படிப்பு விடயமாக இல்லாமல் இருக்கலாம். இது என் ஊகம்தான். அவரிடம் கேட்டே அறிய வேண்டியது.

எப்படிக் கேட்பது? களைத்து வந்தவுடன் வேண்டாம். சாப்பிட்டு ஆறியிருக்கும் நேரத்தில், ரீவியை நிறுத்திவிட்டு, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி, அவருடைய வலது காது உங்கள் பக்கம் இருக்க எதிரே இருங்கள். கத்தாமல், சற்று நிதானமாக, ஒரே ஒரு விடயத்தை மட்டும் சொல்லுங்கள். "ஒருநாளும்" என்ற சொல்லைத் தவிர்க்கும்படி உங்களை வேண்டுகிறேன். அது காதில் விழுந்ததும் எவரும் தன்னைக் காக்கத்தான் பார்ப்பார். "இஞ்சேருங்கோ, பிள்ளை தூரப் போறதை நினைக்க எனக்கும் பயமாத்தான் கிடக்கு, உங்களுக்கு என்ன யோசனை?" என்று தொடங்கிப் பாருங்கள்.

மற்றவர் சொல்வதைக் கேட்டவுடன் சரி, பிழை என்று தீர்ப்பளித்துவிடும் இயல்பே மனிதர் விளங்கிக்கொள்வதற்குப் பெருந்தடை என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1952இல் எழுதினார். ஒருவர் சொன்னதை, "ஓம், அதைத்தான் சொன்னனான்" என்று அவர் ஒத்துக்கொள்ளும்வரை திருப்பிச் சொல்லிவிட்டே நம்முடைய கருத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. இருவரும் இதைச் செய்தால், எந்தச் சொல் காதில் விழவில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அவர் பதறினாலோ எழுந்தாலோ பின்னால் போகாதீர்கள். உடம்பின் படபடப்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடங்களாவது வேண்டும். "பிறகு கதைப்பம்" என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகளைத் தூது அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். யாருக்கும் நோகாமல் இருக்க அவள் இரு பக்கத்துச் சொல்லையும் மாற்றித்தான் கொண்டுபோவாள். அதுவும் தன் எதிர்காலத்தைப் பற்றிய சொல்லை.

கணவர் உறக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, பழையதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது போன்றவை உண்டென்றால், வைத்தியசாலையில் மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டுச் சந்தியுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926இலும் தமிழில் பேசலாம். விண்ணப்ப நாள் நெருங்குவதால், காதுப் பரிசோதனை முடியட்டும் என்று இந்தப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டாம். விண்ணப்பத்தை நிரப்பி அனுப்புவது மகளை அனுப்பிவிடுவது ஆகாது என்பதையும், இறுதி முடிவை மூவரும் சேர்ந்து பின்னர் எடுக்கலாம் என்பதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.