கீழ் எல்லையில் போன மதிப்பெண்ணுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

கணிதத் தேர்வில் வரையறுத்த தொகையீட்டில் (இரண்டு எல்லைகளுக்கு இடையே வளைவரையின் கீழுள்ள பரப்பைக் காணும் கணக்கு) மகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாள், வீட்டை அடகு வைத்தாவது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் நெருக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானது, அந்த யோசனை நியாயமில்லை. அவளுக்கு புரோகிராமிங் பிடிக்காது, கணக்குதான் உயிர் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு எதற்கு அடகு?

நீங்கள் அனுப்பிய விடைத்தாளில் எதிர் வகைக்கெழுக்கள் (வகையிட்டால் கொடுத்த சார்பே திரும்ப வரும் சார்புகள்) எல்லாமே சரி. கஷ்டமான பாதி அதுதான். அடுத்து, மேல் எல்லையில் அதன் மதிப்பிலிருந்து கீழ் எல்லையில் அதன் மதிப்பைக் கழிக்க வேண்டும், சறுக்குவது அங்கேதான். கீழ் எல்லை 0 என்றாலே அங்கே மதிப்பும் 0 என்று விட்டுவிடுகிறாள். 0 முதல் π/2 வரை சைன் சார்பைத் தொகையிட்டு 0 என்று எழுதியிருக்கிறாள். எதிர் வகைக்கெழு மைனஸ் கொசைன். π/2-வில் அது 0, 0-வில் −1. ஆகவே 0 − (−1) = 1. வளைவரை முழுக்க அச்சுக்கு மேலே இருக்கையில் பரப்பு எப்படி 0 ஆகும் என்று ஒரு நொடி பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். மாறிக்குப் பதில் வேறொரு மாறியைப் பிரதியிடும் கணக்குகளில் எல்லைகளை மாற்ற மறப்பதும் இதே அவசரம்தான். இரண்டு எல்லை மதிப்புகளையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுக் கழிக்கச் சொல்லுங்கள்.

யாரும் உங்களிடம் சொல்லாத ஒரு வழி ஆக்சுவரி, அதாவது எதிர்காலத்தில் தரவேண்டிய பணத்தையும் அதன் இடரையும் கணக்கிடும் தொழில். காப்பீட்டு நிறுவனங்களிலும் ஓய்வூதிய நிதிகளிலும் இந்தக் கணக்குதான் அன்றாட வேலை. ஆண்டுக்கு 1,000 வீதம் 10 ஆண்டுகள் தொடர்ந்து தரவேண்டிய தொகைக்கு, 5 சதவீதத் தொடர் வட்டியில் (இடைவிடாமல் கூடிக்கொண்டே போகும் வட்டி) இன்றைய மதிப்பு என்ன? எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடிச் சார்பை 0 முதல் 10 வரை தொகையிட வேண்டும். எதிர் வகைக்கெழு மேல் எல்லையில் சுமார் −12,131, கீழ் எல்லையில் −20,000. கழித்தால் 7,869. கீழ் எல்லையை விட்டால், தரவேண்டிய பணமே மைனஸில் போய் நிற்கும்! ஒருவர் ஒவ்வொரு வயதிலும் உயிரோடிருக்கும் நிகழ்தகவைத் தொகையிட்டால், எதிர்பார்க்கும் ஆயுளும் அதே முறையில் வந்துவிடும்.

தேர்வுகள் கடினம், முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஒரே தாளைத் திரும்ப எழுதுவோர் நிறைய. ஆனால் கட்டணம் தாள் தாளாகக் கட்டுவது. கணிதமோ புள்ளியியலோ பட்டம் படித்துக்கொண்டே, பிறகு வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். ஒத்துவரவில்லை என்றால் இரண்டு தாளோடு நிறுத்திக்கொள்ளலாம். பட்டம் கையில் இருக்கும். அடகு வைத்த வீட்டுக்கு அந்த வசதி இல்லை.

இந்த வாரம் நிகழ்தகவிலும் கூட்டு வட்டியிலும் பத்துக் கணக்குகள் கொடுத்து, அவளாக உட்கார்ந்து போடுகிறாளா என்று பாருங்கள். சொந்தக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், அவளைச் சொல்ல விடாதீர்கள்.