தீர்ப்பு வந்தாலும் பாலிசி தானாக மாறாது

காப்பீடு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வீட்டுக்காரர் பெயரில் உள்ள குடும்ப மருத்துவ பாலிசியில் நானும் மகளும் ஆறு வருஷமாக இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை உண்டு. இருவரும் சம்மதித்துக் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டிருக்கிறோம். தீர்ப்பு வந்ததும் தனி பாலிசி எடுத்தால் போதும்தானே?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தீர்ப்பு வரை பொறுக்காதீர்கள், சகோதரி. வழக்கு நடக்கும்வரை நீங்கள் சட்டப்படி மனைவி. பாலிசியில் இருக்கத் தடையில்லை. ஆனால் பிரீமியம் கட்டுகிறவர் அவர். அடுத்த முறை புதுப்பிக்கும்போது உங்கள் பெயரை விட்டுவிட்டால், உங்களுக்குத் தெரிவதற்குள் நாள் கடந்துவிடும். தீர்ப்புக்குப் பிறகும் 'மனைவி' என்றே பெயர் தொடர்ந்தால், செலவைக் கேட்கும்போது தகுதியில்லை என்று கம்பெனி மறுக்கலாம்.

அந்த ஆறு வருஷத்தைக் காப்பாற்றுவதுதான் இப்போது முக்கியம். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் புது பாலிசியில் 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம்; அதுவரை அந்த நோய்க்குச் செலவு கிடைக்காது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இடைவெளி விழாமல் மாறினால் அந்தக் கணக்கு உங்களோடு வரும். விழுந்தால் சர்க்கரைக்கு மறுபடியும் முதலிலிருந்துதான்.

முதலில் பாலிசி எண், ஆறு வருஷத்துச் சான்றுகள், வாங்கிய கிளைம் விவரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். உறவு கசந்துவிட்டால் ஒரு தாள் வாங்குவதும் கஷ்டம். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே, அதே கம்பெனியில் உங்கள் பெயரில் தனி பாலிசியாகப் பிரித்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வேறு கம்பெனிக்கும் மாறலாம். ஆனால் அவர்கள் உடல்நிலையைப் பார்த்து மறுக்க உரிமை உண்டு. அதனால் பழைய கம்பெனியையே முதலில் கேட்பது நல்லது. சர்க்கரையை மறைக்கவே கூடாது. இப்போதுள்ள காப்பீட்டுத் தொகை வரைக்கும்தான் பழைய வருஷங்கள் செல்லும். தொகையைக் கூட்டினால், கூட்டிய பகுதிக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

மகள் விஷயம் வேறு. பெற்றோர் பிரிந்தாலும் அவள் அப்பாவுக்கு மகள்தான். அவர் பாலிசியில் தொடரலாம். ஆனால் நீங்கள் பில் கட்டிவிட்டுப் பிறகு கேட்கும் பணம், பாலிசிதாரரான அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் போகும். இதனால் எழும் சண்டைகள் அநேகம். மகள் உங்களோடு இருக்கப் போகிறாள் என்றால் உங்கள் பாலிசியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பாலிசிதான் என்று முடிவானால், பிரீமியம் யார் கட்டுவது, கிளைம் பணத்தை எத்தனை நாளில் உங்களுக்கு அனுப்புவது என்பதைச் சமரச ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: விவாகரத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. எல்ஐசி பாலிசியில் பழைய மனைவிதான் நாமினி. அது தானாக ரத்தாகிவிடுமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: ஆகாது. உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் பதிவில் உள்ள பெயருக்குக் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். அம்மாவும் பிள்ளைகளும் வழக்குப் போட வேண்டிவரும். இந்த வாரமே அசல் பாண்டோடு, பாலிசி உள்ள கிளைக்குப் போய் நாமினி மாற்றும் படிவம் கொடுங்கள். பழைய மனைவியின் சம்மதம் தேவையில்லை. மாற்றம் பதிவானதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் திரும்பாதீர்கள். சிறு பிள்ளையை நாமினியாகப் போட்டால், பணத்தை வாங்கப் பொறுப்பான பெரியவர் ஒருவர் பெயரும் வேண்டும்.

பாண்டில் 'திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874' என்று குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கீழ் மனைவி பெயருக்கு எடுத்ததென்றால் அது அவருக்கென்றே ஒதுக்கிய டிரஸ்ட் சொத்து. உங்கள் விருப்பப்படி பெயரை மாற்றவோ, பாதியில் முடித்துப் பணம் வாங்கவோ (சரண்டர்) முடியாது. வங்கிக் கடனுக்காக பாலிசியை எழுதிக் கொடுத்திருந்தால், கடன் தீர்ந்து உங்கள் பெயருக்குத் திரும்பியதும் பழைய நாமினி பெயரே தானாக மறுபடியும் செல்லும். அப்போதும் மாற்றிப் பதிய மறக்காதீர்கள்.

கேள்வி: ஸ்கூட்டர், பிரிந்துபோன கணவர் பெயரில். நான்தான் ஓட்டுகிறேன். அதை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். இன்சூரன்ஸ் செல்லுமா?
- வாசகி, களக்காடு

பதில்: படிவம் 29, 30 கொடுத்து ஆர்சியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகும். கிளைம் இல்லாததற்கான தள்ளுபடி அவரோடு போய்விடும். பிரீமியம் கூடினால் பதறவேண்டாம்.

கேள்வி: பீடி சுற்றுகிறேன். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரம் எழுதிப் பிரிந்தோம், கோர்ட்டுக்குப் போகவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அவர் ரேஷன் கார்டை வைத்து எடுத்தது. எனக்கு ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள்.
- வாசகி, முக்கூடல்

பதில்: அந்தத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய். பழைய அட்டையில் உங்கள் பெயர் இருக்கும்வரை அதன் எண் உங்களுக்கும் பயன்படலாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் இன்றே கேளுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

அடுத்தது தனி ரேஷன் கார்டு. ஊர்ப் பத்திரத்தை அலுவலகங்கள் விவாகரத்தாக ஏற்பது அரிது. இணையத்தில் பெயரை நீக்கப் போனால், ரகசிய எண் அவர் செல்போனுக்குப் போகும். பல பெண்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தாலுகா அலுவலகத்தில் வட்ட வழங்கல் அலுவலரைப் பார்த்து, பிரிந்து வாழ்கிறேன், விசாரித்துப் பெயரை நீக்குங்கள் என்று மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறந்த வீட்டுக் கார்டில் சேர்வதைவிடத் தனிக் கார்டு நல்லது. மணமான மகளை அந்தத் திட்டம் பெற்றோர் குடும்பத்தில் சேர்த்துக் கணக்கிடாது. கார்டு வந்ததும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பிரீமியம் எதுவும் கட்ட வேண்டாம்.