பள்ளக்கால் நெல்: தூர் அதிகம், விளைச்சல் குறைவு ஏன்?

கேள்வி: தீவில் கடலோரம் ஒன்றரை ஏக்கர் பள்ளக்கால் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். வரப்போரம் உப்பும் ஏறும். நெட்டை நாட்டு நெல்லையும் சொர்ணா சப்-1 ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டேன். 45-ஆம் நாளில் சொர்ணாவில்தான் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டு) அதிகம். அறுவடையில் நாட்டு நெல் முந்திவிட்டது. அடுத்த போகத்துக்கு எது?

பதில்: தண்ணீர் எத்தனை நாள், எவ்வளவு ஆழத்துக்கு நின்றது என்று நீங்கள் எழுதவில்லை. ரகத்தை முடிவு செய்வது அதுதான்.

சொர்ணாவில் சேர்த்திருக்கும் சப்-1 மரபணு ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற நெல்லில் இருந்து வந்தது. பயிர் முழுக்க மூழ்கினால் உயரமாக வளர்வதை நிறுத்தி, சத்தைச் சேமித்து, இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். வந்து வடிகிற வெள்ளத்துக்கு அது அருமையான ரகம். ஆனால் முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றால், பயிர் தண்ணீருக்கு மேலே எழுந்து வந்தாக வேண்டும். குட்டையான சொர்ணாவால் அது முடியாது. விட்ட தூர்களில் பல கதிர் வராமலே செத்துப்போகும். உங்கள் வயலில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே தண்ணீர் பத்துப் பன்னிரண்டு நாளில் வடியும் மேட்டுப் பக்கம் சொர்ணா சப்-1, வடியாத பள்ளத்தில் நாட்டு நெல் என்று பிரித்துப் போடுங்கள். நாட்டு நெல்லுக்கு யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், சாய்ந்துவிடும். சொர்ணா மூழ்கி எழுந்தால் மேலுரத்துக்கு ஒரு வாரமாவது பொறுங்கள்.

உப்பு வேறு பிரச்சினை. சப்-1 அதைத் தாங்காது. வரப்போரத்துக்கு, கேரளத்தின் உவர்நில நெல்லான பொக்காளியின் வழிவந்த உவர் தாங்கும் ரகம் தேவை. நெல்லுக்கு உப்பு அதிகம் உறைப்பது நாற்றுப் பருவத்திலும் பூக்கும்போதும்தான். அதனால் நல்ல மழை உப்பைக் கழுவிய பிறகு, 30 நாள் தாண்டிய நாற்றாக நடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை ஒப்பிடும்போது ஒரே வயது நாற்றை, ஒரே இடைவெளியில், ஒவ்வொரு ரகத்தையும் மூன்று இடங்களில் மாற்றி மாற்றி நடுங்கள். ஒரே பாத்தியை வைத்து முடிவு கட்டினால் ரகத்தின் குணமா, பள்ளத்தின் குணமா என்று பிரித்தறிய முடியாது. தூரை 45-ஆம் நாளில் எண்ணியதோடு விடாமல், பூத்தபின் கதிர் வந்த தூரை எண்ணுங்கள், பதரையும் பாருங்கள். வரப்போர வரிசைகளை விட்டு உள்ளே 5 சதுர மீட்டர் அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். அதில் ஒரு கிலோ என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 800 கிலோ. கூடவே ஒரு குச்சியில் அளவு குறித்து வயலில் நட்டு, தண்ணீரின் ஆழத்தைத் தினமும் எழுதி வாருங்கள்.