சேரும் முன் விசாவைப் பாருங்கள், தங்கச்சி

திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு, போன மாதம் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குத் தரும் விசாவில், டல்லாஸ் வந்திறங்கிய தங்கச்சி கேட்டிருக்கிறார்: மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் மறுவாழ்வு ஆலோசகர் படிப்பில் சேரலாமா, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, சம்பளம் எப்படி?

சம்பளம் ஐ.டி. மாதிரி இருக்காது, வருடத்துக்கு 45,000 டாலரை ஒட்டித்தான். பல்கலைக்கழகம் எதுவானாலும் சரி, அந்தப் படிப்புக்குக் கேக்ரெப் (ஆலோசகர் படிப்புகளைச் சரிபார்க்கும் அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சி.ஆர்.சி. என்ற மறுவாழ்வு ஆலோசகர் சான்றிதழ்த் தேர்வுக்கு வழி நேராக இருக்கும்.

விசாதான் பெரிய விஷயம். எச்-4-ல் படிக்கத் தடையில்லை. ஆனால் கடைசியில் 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப் உண்டு, அப்புறம் வேலை. உங்கள் கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் நீங்கள் வேலை அனுமதி கேட்கலாம். ஆகவில்லை என்றால் பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இந்தப் படிப்புக்கு அமெரிக்க மத்திய அரசு உதவித்தொகை இருக்கிறது. அது குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்கு மட்டும். வாங்கினால், உதவி பெற்ற ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வருடம் இந்தத் துறையில் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். கல்லூரியில் சேர்ப்பவர்கள் இதையெல்லாம் தாமாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. வாரக் கடைசி விருந்துகளில் நம்மவர்கள் சொல்வார்கள், "மூணு மாசம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படி, கன்சல்டன்சி அனுபவம் போட்டுக் கொடுக்கும்" என்று. பொய் அனுபவம் எழுதுவதற்குத்தான் அந்தப் பெயர். எனக்கும் சொன்னார்கள். நான் போகவில்லை, நீங்களும் போகாதீர்கள்.

நான் வந்தது 2003 ஜனவரி. எச்-4-க்கு வேலை அனுமதி என்பதே 2015-ல்தான் வந்தது. கணவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டால், பஸ் வராத அபார்ட்மென்டில் நானும் சன்னலும்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் பனியில் முக்கால் மணி நேரம் நடந்து நூலகத்துக்குப் போனேன். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண் எனக்குக் கார்டு போட்டுக் கொடுத்தார். கையாலேயே ஓட்டும்படி அவருடைய வேனை மாற்ற மாநில மறுவாழ்வுத் துறை பணம் கொடுத்ததாம். 1973-ல் வந்த மறுவாழ்வுச் சட்டப்படி கிடைத்தது என்றார். எங்கள் சித்தப்பா மகன் போலியோவில் கால் போய், பத்தாவது வரை படித்தும் திண்ணையிலேயே காலம் கழித்தவன். அன்று வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

2010-ல் கிரீன் கார்டு வந்தது. அந்த உதவித்தொகையில் இரண்டு வருடம் படித்தேன், நான்கு வருடம் மறுவாழ்வு ஆலோசகராக உழைத்துக் கடனைத் தீர்த்தேன். அதன் பிறகும் இதே வேலைதான். இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டே இரண்டு. மற்றவர்கள் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கோயிலுக்குக்கூடக் கூட்டி வருவதில்லை. எனக்கு ஆறவே ஆறாத வருத்தம் அது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பையன் வந்தான், விபத்தில் தலையில் அடி. அவனை விட்டுவிட்டு அவன் அம்மாவிடமே பேசி, டேட்டா என்ட்ரி என்று அவனுக்கு வேலைத் திட்டம் எழுதினேன். நம் ஊரில் பெரியவர்கள் முடிவெடுப்பார்களே, அந்தப் பழக்கம். மேலதிகாரி ஃபைலைத் திருப்பி அனுப்பினார்: "அவன் என்ன கேட்டான்?" எந்த வேலை என்பதை வந்தவரே தேர்ந்தெடுக்க வேண்டும், சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அவன் கேட்டது பைக் மெக்கானிக் வேலை. பட்டறை தேடி எட்டு இடம் ஏறி இறங்கினேன். வேலையில் 90 நாள் நிலைத்தால்தான் கேஸை முடிக்கலாம். 91-ம் நாள் அவனே போன் செய்தான், எத்தனை சோப்பு போட்டாலும் நகத்தில் கிரீஸ் போகவில்லை என்று சொல்ல.