வாசகர் கேள்வி – பதில்: கோடைப் பணியும் ஃபெல்லோஷிப்பும்

கோடை விடுமுறை வேலை, இன்டர்ன்ஷிப், பட்டம் பெற்றபின் ஃபெல்லோஷிப் ஆகியவை குறித்து மாணவர்களிடமிருந்தும் அண்மையில் படிப்பை முடித்தவர்களிடமிருந்தும் வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடம் தரவில்லை.

இறுதித் தேர்வு முடிந்த கையோடு கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். அது சரியான நேரம்தானா?
— இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி

இல்லை. பெயர்பெற்ற திட்டங்கள் அதற்குள் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தங்குமிடம் வரை ஒதுக்கி முடித்திருக்கும். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் என்னும் துகள் இயற்பியல் ஆய்வகம் 1962 முதல் நடத்திவரும் கோடைக்கால மாணவர் திட்டத்துக்கு வழக்கமாக ஜனவரி இறுதியோடு விண்ணப்பம் முடிந்துவிடும். கனடாவின் மைட்டாக்ஸ் குளோபலிங்க் என்னும் 12 வாரப் பயிற்சிக்கோ முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே கடைசித் தேதி வந்துவிடுகிறது. தேர்வானவருக்கு விசா கிடைக்க வேண்டும், அவருக்கென்று ஒரு வழிகாட்டியும் செய்து முடிக்கக்கூடிய அளவில் ஒரு சிறு ஆய்வுத் தலைப்பும் தயாராக வேண்டும் என்பதால்தான் இவ்வளவு முன்கூட்டியே வேலையைத் தொடங்குகிறார்கள்.

சற்றுத் தாமதித்தவர்களுக்கும் இடம் தருவது, எவரும் பார்த்துத் திருத்த உதவக்கூடிய திறந்த மூல மென்பொருள்களை உருவாக்கும் அமைப்புகளுக்குப் புதியவர்கள் நிரல் எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோட். 2005இல் தொடங்கிய அத்திட்டத்தில் பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரி வாக்கில் வெளியாகும். விண்ணப்பம் மார்ச், ஏப்ரலில் நடக்கும். எனினும் அங்கே தேர்வாகிறவர்களில் பலர் பட்டியல் வெளியாகும் முன்பே அந்த அமைப்பின் மென்பொருளில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்திக் கொடுத்து, அதைப் பராமரிப்பவர்களுக்குப் பழகிய முகமாகிவிட்டவர்கள் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

செர்ன் குறைந்தது மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆகவே முதுகலையில் சேரும் எண்ணம் இருந்தால், வரும் ஜனவரியில் நீங்கள் தகுதியோடு விண்ணப்பிக்கலாம். இந்த விடுமுறைக்கு உங்கள் துறையிலேயே ஆய்வு நடத்தும் ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு வேண்டிய பரிந்துரைக் கடிதமும் அங்கிருந்துதான் வரப்போகிறது. இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை வடகோளத்தின் கோடையைக் கணக்கில் வைத்தவை. விடுமுறை வேறு மாதங்களில் வருகிறவர்கள், டிசம்பரிலும் ஒரு சுற்றுத் தொடங்கும் அவுட்ரீச்சி போன்றவற்றைப் பார்க்கலாம். மூன்று மாதம் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் திட்டங்களில் பணிபுரிய 7,000 டாலர் ஊக்கத்தொகை தருகிறார்கள்.

ஐம்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அனுப்பிய கடிதத்தை இணைத்துள்ளேன். எங்கே பிசகினேன்?
— வேதியியல் முதுகலை முதலாண்டு மாணவர்

கடிதத்தைப் படித்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வுத் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று தொடங்கும் அந்தக் கடிதத்தில், எந்தத் துறை என்பது கடைசி வரி வரை வரவேயில்லை. பெறுநர் பட்டியலில் பெண் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் "ஐயா"தான் போயிருக்கிறது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்பதைச் சொல்லவில்லை. நாள்தோறும் இப்படிப்பட்ட கடிதங்களைப் பெறுகிறவர், முதல் இரண்டு வரியிலேயே இது எல்லோருக்கும் போன நகல் என்று கண்டுகொள்வார்; அதற்கு மேல் படிக்க அவருக்கு என்ன கட்டாயம்?

ஐம்பதை ஐந்தாகக் குறையுங்கள். ஒவ்வொருவரும் அண்மையில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை, முன்னுரையையும் படங்களையுமாவது ஊன்றிப் படியுங்கள். புரியாமல் போகும் இடத்தில்தான் கேட்கத் தகுந்த கேள்வி கிடைக்கும். பிறகு கடிதம் இப்படி அமையட்டும்:

"களிமண்ணில் ஈயம் ஒட்டிக்கொள்வது குறித்துத் தங்கள் குழு சென்ற ஆண்டு வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அமிலத்தன்மை கூடக்கூட ஒட்டும் அளவு குறைவதை மூன்றாவது வரைபடம் காட்டுகிறது. இரும்பு ஆக்சைடு மிகுந்த மண்ணிலும் இதே போக்கு இருக்குமா என்பதைத் தாங்கள் சோதித்திருக்கிறீர்களா? மண் மாதிரிகளைச் சலித்துப் பக்குவப்படுத்தவும், நிறமாலைமானியில் அளவெடுக்கவும் எனக்குப் பழக்கம் உண்டு. ஆய்வுத் தரவுகளைக் கணினியில் கையாள இப்போதுதான் கற்றுவருகிறேன். மே 15 முதல் ஜூலை 10 வரை முழுநேரமும் வர இயலும். தங்கள் ஆய்வகத்தில் இடம் இருக்குமா என்று அறிய விரும்புகிறேன். மதிப்பெண் பட்டியலையும் ஒரு பக்கத் தற்குறிப்பையும் இணைத்துள்ளேன்."

இது போதும். தெரியாததை "இப்போதுதான் கற்றுவருகிறேன்" என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்வதில் இழப்பு ஏதுமில்லை. தெரியும் என்று எழுதிவிட்டு முதல் நாளிலேயே ஆய்வகத்தில் விழிப்பதுதான் இழப்பு. ஊக்கத்தொகை பற்றி முதல் கடிதத்தில் கேட்க வேண்டாம். அவர் பதில் எழுதிய பிறகு, தங்குமிடமும் செலவும் எப்படி என்று தயங்காமல் கேளுங்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதிலில்லை என்றால், அதே ஆய்வகத்தின் முனைவர் பட்ட மாணவர் ஒருவருக்கு எழுதிப் பாருங்கள். கோடையில் வருகிறவருக்கு நடைமுறையில் வேலை சொல்லித் தரப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான்; ஆள் தேவையா என்பது பேராசிரியரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும்.

பலரும் அறிந்த ஓர் அமைப்பில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ஒரு துணிக்கடையில் சம்பளத்தோடு விற்பனை வேலையும் இருக்கிறது. வீட்டுச் செலவில் என் பங்கும் இருக்கிறது. எதை ஏற்பது?
— பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவர்

வீட்டுச் செலவில் உங்கள் பங்கு இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கடை வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி, சம்பளமில்லாப் பயிற்சி பற்றிப் பொதுவாகச் சில சொற்கள். அமெரிக்காவில் 2011இல் ஒரு பெரிய திரைப்பட நிறுவனத்தின் மீது, அதன் படப்பிடிப்பில் சம்பளமின்றி வேலை பார்த்த பயிற்சியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். காப்பி போடுவது, மதிய உணவுக்கு யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்வது, நகலெடுப்பது, குப்பையை வெளியே வைப்பது போன்றவை அவர்கள் செய்த வேலைகளில் அடங்கும். 2013இல் கீழ் நீதிமன்றம், இவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை விலக்கி, இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயன்பெறுவது பயிற்சியாளரா, நிறுவனமா என்று பார்க்க வேண்டும் என்றது. 2018இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறையும் அதே அளவுகோலை ஏற்றுக்கொண்டது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அந்தக் கேள்வியை எந்த நாட்டு மாணவரும் கேட்டுக்கொள்ளலாம். என்னைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் இந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை அமர்த்தியிருப்பார்களா? ஆம் என்றால், அது பயிற்சி என்ற பெயரில் வாங்கப்படும் இலவச உழைப்பு.

இதில் பெரிய அமைப்புகளும் விதிவிலக்கல்ல. ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைச் செயலகம் இன்டர்ன்களுக்குச் சம்பளம் தருவதில்லை. இரண்டு முதல் ஆறு மாதம் வரை நியூயார்க், ஜெனீவா போன்ற நகரங்களில் தங்கும் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அது எட்டும் என்ற கண்டனம் நெடுநாளாக இருந்துவருகிறது, அது நியாயமான கண்டனம் என்பதே என் கருத்தும். உலகச் சுகாதார நிறுவனம் 2020 முதல் உதவித்தொகை தரத் தொடங்கியது. முடியாத காரியமல்ல என்பதற்கு அதுவே சான்று.

கடை வேலையைத் தற்குறிப்பில் ஏற்றக் கூச்சப்பட வேண்டாம். "விற்பனையாளர்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், நாள் முடிவில் கல்லாக் கணக்கைச் சரிபார்த்தது, எந்த அளவுச் சட்டைகள் தேங்குகின்றன என்று குறித்துவைத்து மேலாளரிடம் சொன்னது, புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை சொல்லிக் கொடுத்தது என்று எழுதுங்கள். பொருளியல் மாணவருக்கு இருப்புக் கணக்கைவிட நல்ல பாடம் எது?

இணையவழி இன்டர்ன்ஷிப், ஒரு மாதத்தில் சான்றிதழ், பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும் என்று செய்தி வந்தது. சேரலாமா?
— கணினி அறிவியல் முதலாண்டு மாணவர்

வேண்டாம். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. அந்தச் சான்றிதழைப் பார்த்து நேர்முகத் தேர்வில் "யாருடைய மேற்பார்வையில், என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

வெளிநாட்டு மாணவர்கள் அமெரிக்காவில் கோடையில் வேலை பார்க்கும் திட்டம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம்பிப் போகலாமா?
— விருந்தோம்பல் மேலாண்மை மாணவி

நீங்கள் சொல்வது சம்மர் வொர்க் டிராவல் என்னும் திட்டம்; அதற்கு ஜே-1 என்னும் பரிமாற்ற விசா வேண்டும். கல்லூரியில் ஒரு பருவமாவது முடித்த முழுநேர மாணவர்கள், தங்கள் விடுமுறையில் அதிகபட்சம் நான்கு மாதம் வேலை பார்க்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஏற்பாட்டு அமைப்பின் வழியாகத்தான் போக முடியும். இங்கே அந்த அமைப்புக்கும் விசாவுக்கும் கட்டணம் உண்டு; முந்தைய பதிலில் சொன்ன விதி அப்படியே இதற்குப் பொருந்தாது. ஆகவேதான் கணக்குப் பார்ப்பது இன்னும் அவசியமாகிறது.

2011 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் பால்மைரா ஊரில், சாக்லேட் பொதியும் ஆலை ஒன்றில் இத்திட்டத்தின்கீழ் வேலை பார்த்த பல நாட்டு மாணவர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து, ஆங்கிலம் பழகவும் ஊர் பார்க்கவும் வந்தவர்களுக்கு, கனமான பெட்டிகளைத் தூக்கும் வேலையும் இரவுப் பணியும் வாய்த்தன. சம்பளத்திலிருந்து வாடகை முதலியவற்றைப் பிடித்தது போகக் கையில் மிஞ்சியது சொற்பம். அந்தப் போராட்டத்தை அடுத்து 2012இல் விதிகள் கடுமையாக்கப்பட்டன. கிடங்கு, உற்பத்தி ஆலை, கட்டுமான வேலைகளும், இரவு 10 மணி முதல் காலை 6 மணிக்குள் பெரும்பகுதி அமையும் வேலைகளும் இத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டன.

இத்திட்டம் உங்கள் நாட்டில் நடைமுறையில் இருக்கிறதா என்பதை அமெரிக்கத் தூதரகத்தின் வழியாகவே உறுதிசெய்யுங்கள். புறப்படும் முன், எந்த ஊர், எந்த வேலை, மணிக்கு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வாடகையாக எவ்வளவு பிடிப்பார்கள் என்ற ஐந்தும் எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். கட்டணம், விமானச் செலவு, வாடகை எல்லாம் கழித்தபின் மிஞ்சுவது சிறு தொகை என்றால், அதை அனுபவத்துக்கான பயணமாக மட்டும் எண்ணிப் போவதா என்று முடிவு செய்யுங்கள். கடன் வாங்கிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பட்டம் பெற்று எட்டு மாதம் ஆகிறது. இன்டர்ன்ஷிப் எல்லாம் மாணவர்களுக்கு மட்டும் என்கிறார்கள். எனக்கு என்ன வழி இருக்கிறது?
— சமூகவியல் பட்டதாரி

எல்லாம் அல்ல, ஆனால் சில கதவுகளுக்குக் கெடு உண்டு. ஐ.நா. தலைமைச் செயலகப் பயிற்சியைப் பட்டம் பெற்ற ஓராண்டுக்குள் தொடங்கிவிட வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம்தான் மிச்சம், சம்பளமும் கிடையாது என்பதால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஐரோப்பிய ஆணையத்தின் புளூ புக் பயிற்சி பட்டதாரிகளுக்கானது, மாத உதவித்தொகையும் உண்டு, மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கி ஐந்து மாதம் நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு ஒதுக்கும் இடங்கள் மட்டும் மிகக் குறைவு. சம்மர் ஆஃப் கோட்கூட 2022 முதல், மாணவரல்லாத புதியவர்களையும் 18 வயது நிரம்பியிருந்தால் ஏற்கிறது.

ஃபெல்லோஷிப் எனப்படும், உதவித்தொகையோடு கூடிய வாய்ப்புகளில் இரு வகை உண்டு. படிக்க அனுப்புபவை முதல் வகை. பெய்ஜிங்கில் ஓராண்டு முதுகலை தரும் ஷ்வார்ஸ்மன் உதவித்தொகை 28 வயது வரை ஏற்கிறது; பிரிட்டனில் முதுகலை படிக்க உதவும் அந்நாட்டின் செவனிங் உதவித்தொகை 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்பதோடு, படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. களத்தில் வேலைக்கு வைப்பவை இரண்டாம் வகை. 1989இல் வெண்டி காப் தொடங்கிய டீச் ஃபார் அமெரிக்காவின் வழியில், டீச் ஃபார் ஆல் என்ற வலையமைப்பு இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. பட்டதாரிகள் இரண்டாண்டு வகுப்பறையில் பாடம் நடத்துகிறார்கள். சில மாதம் வேலையின்றி இருக்கும் சமூகவியல் பட்டதாரிக்கு இரண்டாம் வகையே உடனடியாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு ஆண்டு என்பது சிறிய காலமல்ல. இடையில் விலகினால் என்ன விதி, உதவித்தொகையில் அந்த ஊரில் குடியிருக்க முடியுமா என்பதை அங்கே இப்போது பணியில் இருக்கும் ஒருவரிடம் கேட்டறிந்த பிறகே கையெழுத்திடுங்கள். விளம்பரக் கூட்டத்தில் மேடையேறிப் பேசுகிறவரிடம் கேட்டுப் பயனில்லை.

ஓர் இடத்துக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. முதலாவதை மறுக்கலாமா?
— பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி

ஒப்பந்தத்தில் தடை ஏதுமில்லை என்றால் மறுக்கலாம். ஆனால் முகம் சுளிப்பார்கள், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். விசாவுக்கோ தங்குமிடத்துக்கோ அவர்கள் பணம் கட்டியிருந்தால் மறுக்காதீர்கள். இல்லையென்றால் இன்றைக்கே எழுதுங்கள். காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேர அவர்களுக்கும் நாள் வேண்டும். முதல் இடத்துக்கு உங்களைப் பரிந்துரைத்த ஆசிரியரிடம், அந்தக் கடிதத்தை அனுப்பும் முன்பே நேரில் சொல்லிவிடுங்கள்.