வானொலி நேரலைக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: நான் வார்டு உறுப்பினர். வட்டார வானொலியில் நடப்பு விவகாரங்கள் பற்றி நேரலையில் பேச அழைத்திருக்கிறார்கள். நேயர்களும் போனில் கேள்வி கேட்பார்களாம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் மைக். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே இருந்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று மோதி ‘டொப்’பென்று கேட்கும். குறிப்புகளைத் தனித்தனித் தாளில், ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். புரட்டும் சத்தம் அப்படியே ஒலிபரப்பாகிவிடும்.

ஒரு பதில் 40 விநாடியைத் தாண்ட வேண்டாம். முடிவை முதலில் சொல்லுங்கள், காரணம் பிறகு. பாதியில் ரேடியோ போட்டவருக்கும் புரியும். ‘33.3 சதவீதம்’ காதில் நிற்காது. ‘மூன்றில் ஒருவர்’ நிற்கும்.

குடிநீர் வரவில்லை என்று நேயர் கொதித்தால் குறுக்கிடாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை நாளாக என்று கேளுங்கள். உங்கள் அதிகாரத்தில் இல்லாததற்கு ‘ஆவன செய்கிறேன்’ என்று மழுப்புவதுதான் பெரிய தவறு. அது எந்தத் துறையின் பொறுப்பு, யாரிடம் மனு கொடுப்பது என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு அதுதான் உண்மையான உதவி. அவருடைய போன் எண்ணை நேரலையில் கேட்காதீர்கள். நிலையத்தாரிடம் கொடுக்கட்டும்.

வீட்டிலிருந்தே போனில் பேசுவதானால், பக்கத்தில் ஓடும் ரேடியோவை அணைத்துவிடுங்கள். உங்கள் குரலே தாமதமாகத் திரும்பி வந்து பேச்சைக் குழப்பும்.