விரல் வாய்க்குப் போகும் முன்

கேள்வி: எனக்கு 34 வயது. பள்ளி நாள்களிலிருந்தே நகம் கடிக்கிறேன். ‘21 நாள் விட்டால் எந்தப் பழக்கமும் போய்விடும்’ என்று படித்துவிட்டு, 17 நாள் கடிக்காமல் இருந்தேன். 18ஆம் நாள் அலுவலகத்தில் நெருக்கடி. பத்து நகமும் போனது அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு மன உறுதியே இல்லையா?

பதில்: ‘அப்புறம்தான் தெரிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. தெரியாமல் நடப்பதை மன உறுதி எப்படித் தடுக்கும்? பல வருடம் திரும்பத் திரும்பச் செய்த செயல், யோசிக்காமலே நடக்கப் பழகிவிடுகிறது. பதற்றமோ சலிப்போ வந்தால் போதும், கை தானாக எழுந்துவிடும். இதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

அந்த 21 நாள் கணக்கையும் விட்டுவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். அதுதான் கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டும் எண்கள், அதுவரை கண்ட போக்கை வைத்துக் கணித்தவை). நடுவில் ஒரு நாள் தவறியது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. அதனால் உங்கள் 17 நாளும் வீணில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ‘கடிக்கக் கூடாது’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தால் நினைப்பெல்லாம் நகத்திலேயே நிற்கும். கைக்கு வேறு வேலை கொடுங்கள். அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட முறை இது. நகம் கடிப்பவர்களுக்கும் பயன்பட்டது. முதல் வாரம் நிறுத்த முயலவே வேண்டாம். கை எப்போது எழுகிறது, அப்போது எங்கே இருந்தீர்கள், என்ன மனநிலை என்று மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். நகத்தின் சொரசொரப்பான ஓரத்தைக் கட்டைவிரல் தடவிப் பார்க்கிறதா? பலருக்குத் தொடக்கம் அங்கேதான். அந்த நொடியைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம், கை எழும்போதெல்லாம் விரல்களை மடக்கி ஓரிரு நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். கடித்த பிறகு நினைவு வந்தாலும் இதைச் செய்யுங்கள். ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று மீதி விரல்களையும் விட்டுவிடாமல் இருக்க அது உதவும்.

விரலில் ரத்தமோ சீழோ வந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த 17 நாளும் உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது? பேனாவைப் பிடித்திருந்ததா, துணி ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்ததா? யோசித்துப் பாருங்கள். உங்களை அறியாமலே ஒரு மாற்று வேலையைக் கண்டுபிடித்திருப்பீர்கள். விரல் மடக்குவதைவிட அது இயல்பாக வந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.